சம்பளம் ஏத்த முடியாதப்போ அவார்டு குடுத்தா ஆளுங்க உற்சாகமா இருப்பாங்களா?

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். உங்க கம்பெனில நாப்பது பேர் வேலை பாக்குறாங்க, ஒரு வருஷமா எம்ப்ளாயி ஆஃப் தி மந்த் நடக்குது, மொத மூணு மாசம் கைதட்டலும் போட்டோவுமா இருந்துச்சு, இப்போ பேர அறிவிச்சா கூட யாரும் நிமிந்து பாக்குறதில்ல, அத தூக்கிட்டு பாயிண்ட்ஸ் குடுக்குற ஆப் ஒண்ணு வாங்கலாம்னு எச்ஆர் சொல்றாங்க, இந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் பெருசா இல்ல, இத வச்சு ஆளுங்களுக்கு வேலைல ஒரு பிடிப்ப கொண்டுவர முடியுமா, இதான் உங்க கேள்வி. இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா ஒட்டிக்கிட்டு கிடக்கு. பாராட்டுனா ஆளுங்க இன்னும் நல்லா வேலை பாப்பாங்களாங்கிறது ஒண்ணு, சம்பளத்துக்கு பதிலா பாராட்ட வச்சு சமாளிக்க முடியுமாங்கிறது இன்னொண்ணு. மொத கேள்விக்கு ஆமான்னு தைரியமா சொல்லலாம், சில நிபந்தனையோட. ரெண்டாவதுக்கு முடியாது. நான் எச்ஆர்ல இந்த மாதிரி திட்டங்கள வடிவமைக்கிறது, ஓடாம நின்னுபோனத எடுத்து சரி பண்றதுன்னு ரொம்ப வருஷமா இதே வேலையில இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சம்பள விஷயத்த மொதல்ல முடிச்சிடலாம். இந்தத் துறைல எல்லாரும் மேற்கோள் காட்டுறது ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க்குங்கிற அமெரிக்க உளவியலாளரோட 1959 ஆய்வத்தான். இன்ஜினியர்கள், கணக்காளர்கள்னு 200 பேர் கிட்ட வேலைல ரொம்ப சந்தோஷமா இருந்த சமயத்தையும் வெறுத்துப்போன சமயத்தையும் சொல்லுங்கன்னு கேட்டாங்க, சந்தோஷத்துக்கு காரணமா சாதனையும் பாராட்டும் வந்துச்சு, வெறுப்புக்கு காரணமா கம்பெனி கொள்கை, மேலதிகாரி மாதிரி விஷயங்கள் வந்துச்சு. இத வச்சுக்கிட்டு "பாத்தீங்களா, பணம் உற்சாகம் தராது, பாராட்டுதான் தரும்"னு நிறைய பேர் சொல்லிட்டு திரியிறாங்க. ஆனா அந்த ஆய்வு மேல அப்பவே வந்த விமர்சனம் நியாயமானது, நல்லது நடந்தா அது என்னால நடந்துச்சு, கெட்டது நடந்தா அது ஆபீசால நடந்துச்சுன்னு சொல்றது மனுஷ இயல்பு, அதனால அந்தப் பிரிவு அவ்ளோ சுத்தமானது கெடையாது. அதுல எனக்கு பிடிச்ச பகுதி வேற. சம்பளம் குறைவுங்கிற மனக்குறை இருக்கும்போது அத வேற எதாலயும் மூட முடியாதுன்னு ஹெர்ஸ்பெர்க் சொல்றது நான் வேலை பாத்த எல்லா இடத்துலயும் அப்படியே நடந்திருக்கு.

இதுக்கு நேர் எதிரா தெரியிற ஒரு ஆய்வும் இருக்கு, யாராவது உங்க கிட்ட காட்டுவாங்க, அதனால சொல்லிடுறேன். 2012-ல வெளியானது, கியூப், மாரெஷால், புப்பேன்னு மூணு பேர் பண்ணது. மாணவர்கள கொஞ்ச மணி நேரத்துக்கு கூலிக்கு எடுத்து நூலகப் புத்தகங்கள கம்ப்யூட்டர்ல பதிவு பண்ண விட்டாங்க. ஒரு குழுவுக்கு பேசுன கூலிக்கு மேல கொஞ்சம் ரொக்கம், இன்னொரு குழுவுக்கு அதே மதிப்புல ஒரு தெர்மாஸ் பாட்டில் கிஃப்ட். ரொக்கம் வாங்குனவங்க கிட்ட பெருசா மாற்றம் இல்ல, பாட்டில் வாங்குனவங்க வேலை சுமார் 25 சதவீதம் கூடுச்சு. அதுலயே சுவாரசியம் என்னன்னா, அதே பணத்த நோட்ட மடிச்சு உருவம் செஞ்சு குடுத்தப்போ அதுவும் நல்லா வேலை செஞ்சுது, அதாவது குடுக்குறவங்க மெனக்கெட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா அதுக்கு மதிப்பு. இத படிச்சிட்டு "பணத்துக்கு பதிலா பொருள்"னு முடிவு பண்றவங்க கவனிக்காம விடுறது ஒண்ணு இருக்கு, அங்க பேசுன கூலி முழுசா கெடச்சுது, கிஃப்ட் அதுக்கு மேல, எதிர்பாக்காம வந்தது. உங்க ஆளுங்க நெலம அப்படி இல்ல. எதிர்பாத்த இன்க்ரிமென்ட் வரல, அதே மாசத்துல ஒரு ஆப் வருது, அப்போ அந்த ஆப் அவங்களுக்கு சொல்ற சேதியே வேற. அதனால இந்த வருஷம் ஏன் குடுக்க முடியல, எப்போ திரும்ப பாப்போம்னு நீங்களே நேரா உக்காந்து சொல்லிடுங்க, பாராட்டு திட்டத்துக்கும் அதுக்கும் நடுவுல சில மாசமாவது இடைவெளி விடுங்க.

இனி மொத கேள்விக்கு வர்றேன். பாராட்டு வேலை செய்யுதுங்கிறதுக்கு நல்ல, கட்டுப்பாடோட நடத்துன ஆய்வுகளே இருக்கு. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ 2010-ல வெளியிட்டதுல, ஒரு யுனிவர்சிட்டிக்கு போன்ல நன்கொடை கேக்குற ஊழியர்கள் கிட்ட டைரக்டர் நேர்ல வந்து உங்க உழைப்புக்கு ரொம்ப நன்றின்னு சொன்னாங்க, அவ்ளோதான், அடுத்த வாரம் அவங்க பண்ண கால்களோட எண்ணிக்கை பாதிக்கு மேல கூடிருச்சு. யானா கலுஸ் ஜெர்மன் மொழி விக்கிப்பீடியால புதுசா எழுத வந்த சுமார் 4,000 பேர வச்சு பண்ண ஆய்வு 2017-ல வந்துச்சு, அங்க சம்பளமும் இல்ல, புரமோஷனும் இல்ல, பல பேரோட நெஜப்பேர் கூட வெளிய தெரியாது, ஆனாலும் வெறும் அடையாளமா ஒரு அவார்டு கெடச்சவங்க அடுத்த மாசமும் தொடர்ந்து எழுதுறது 20 சதவீதம் கூடுச்சு, அந்த வித்தியாசம் ஒரு வருஷம் நின்னுச்சு.

எனக்கு இவை எல்லாத்தவிட முக்கியமா படுறது பிராட்லரும் கூட மூணு பேரும் பண்ண ஒரு கள ஆய்வு, 2016-ல வந்தது. 300 பேருக்கு மேல மூணு மணி நேர டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தாங்க. எட்டு எட்டு பேரா குழு. பாதில, முன்கூட்டியே சொல்லாம, சில குழுவுல எல்லாருக்கும் நன்றி கார்டு, சில குழுவுல முதல் மூணு பேருக்கு மட்டும். ரெண்டுல எது நல்லா வேலை செஞ்சுதுன்னா மூணு பேருக்கு மட்டும் குடுத்தது. ஆனா வேலை யாருக்கு கூடுச்சுன்னு பாத்தா, கார்டு வாங்கின மூணு பேருக்கு இல்ல, வாங்காத அஞ்சு பேருக்குத்தான் பெரும்பாலும். இங்க எது நல்ல வேலைன்னு கணக்குல எடுக்குறாங்க, நாம அதுக்கு கீழ இருக்கோம்னு அவங்களுக்கு தெரிஞ்சுது, எட்டிப் பிடிக்க பாத்தாங்க, இதுதான் ஆய்வாளர்கள் குடுக்குற விளக்கம். நீங்க அவார்டு குடுக்கும்போது மேடையில நிக்கிறவர பாக்குறீங்க, ஆனா அந்த நேரம் அதுல எதையாவது கத்துக்கிறது கீழ உக்காந்திருக்கிற மிச்ச 39 பேரு. அவங்களுக்கு "ஆமா, அது குடுக்க வேண்டிய வேலைதான்"னு தோணுச்சா, "இவருக்கு ஏன் குடுத்தாங்கன்னு எங்களுக்கு தெரியாதா"ன்னு தோணுச்சா, திட்டம் பொழைக்கிறதும் போறதும் அதுலதான் இருக்கு.

இதுக்கு ஒரு எல்லை போட்டுத்தான் சொல்லணும். மேல சொன்ன ஆய்வுகள்ல பல, மணிக்கணக்குல இல்ல வாரக்கணக்குல நடந்தது, வேலையும் எண்ணி அளக்கக்கூடிய வேலை. வருஷக்கணக்குல ஒரே ஆளுங்க ஒரே மேனேஜர் கிட்ட வேலை பாக்குற இடத்துல அதே 20, 50 சதவீதம் வரும்னு யாராவது ஸ்லைடுல போட்டா நம்பாதீங்க. திசை உறுதி, அளவு உறுதி இல்ல. அதே மாதிரி ஆப் விக்கிறவங்க காட்டுற "பாராட்டு திட்டம் இருக்குற கம்பெனில ஆளுங்க விலகுறது கம்மி"ங்கிற படமும். ஒழுங்கா நடத்துற கம்பெனி பாராட்டவும் செய்யும், சம்பளமும் நேரத்துக்கு குடுக்கும், லீவு கேட்டா மூஞ்ச சுளிக்காது, இதுல எது ஆள பிடிச்சு வச்சுதுன்னு அந்தப் படத்த வச்சு பிரிக்க முடியாது.

இப்போ எது கெடுக்குதுன்னு பாப்போம், இதுல ஆதாரம் நல்லாவே இருக்கு. குப்ளர், லார்க்கின், பியர்ஸ் 2016-ல வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவுல ஒரு லாண்டரி தொழிற்சாலை. மாசம் முழுக்க லேட் இல்லாம, சொல்லாம லீவு போடாம வந்தவங்க பேர குலுக்கல்ல போட்டு கிஃப்ட் கார்டு. பாக்குறதுக்கு யாருக்கும் கெடுதல் இல்லாத திட்டம். என்ன ஆச்சுன்னா, லேட் ஆகப்போகுதுன்னு தெரிஞ்சா சிலர் உடம்பு சரியில்லன்னு போன் பண்ணிட்டாங்க, ஏன்னா லேட் ஆனாத்தான் தகுதி போகும், அதுக்கு மேல ஏற்கனவே ஒழுங்கா நேரத்துக்கு வந்துட்டிருந்தவங்க வேலை வேகம் கொறஞ்சுது, தொழிற்சாலை உற்பத்தியே மொத்தமா 1.4 சதவீதம் எறங்குச்சு. அந்த ஒழுங்கான ஆளுங்க எடத்துல இருந்து யோசிச்சு பாருங்க. இத்தன வருஷம் யாரும் கேக்காமலே நேரத்துக்கு வந்தவங்க, அத யாரும் பாத்ததா தெரியல, இப்போ திடீர்னு லேட்டா வர்றவங்கள சரி பண்ண ஒரு பரிசு. கலிஃபோர்னியால 15,000-க்கு மேல பள்ளி மாணவர்கள வச்சு பண்ண ஒரு ஆய்வுலயும், 2021-ல வந்தது, முழு வருகைக்கு அவார்டு வாங்கின பிள்ளைங்க அதுக்கப்புறம் அதிகமா லீவு போட்டாங்க. நீ மத்தவங்களவிட அதிகமா வந்துட்ட, உங்கிட்ட இவ்ளோ எதிர்பாக்கலன்னு அந்த அவார்டு சொன்ன மாதிரி ஆயிருச்சு. அதனால வருகை, நேரம் தவறாம, லீவு போடாம, இதுக்கெல்லாம் அவார்டு வேண்டவே வேண்டாம், இது நான் உறுதியா சொல்றது.

"இத செஞ்சா இது கெடைக்கும்"னு முன்னாடியே அறிவிக்கிற பரிசு, ஆளுங்களுக்கு தானா இருக்குற ஆர்வத்த கொறைக்குமாங்கிறது பழைய சண்டை. 1971-ல எட்வர்ட் டெசி புதிர் விளையாட்ட வச்சு ஆரம்பிச்சார், 1973-ல லெப்பரும் கூட இருந்தவங்களும் படம் வரையிற சின்னப் பிள்ளைங்கள வச்சு காட்டுனாங்க, முன்னாடியே பரிசு சொல்லி வரைய வச்ச பிள்ளைங்களுக்கு அப்புறம் வரையிற ஆசையே கொறஞ்சுது, எதிர்பாக்காம பரிசு வாங்குன பிள்ளைங்களுக்கு கொறையல. 1994-ல கேமரனும் பியர்சும் நிறைய ஆய்வுகள சேத்து பாத்து இது பெரிய ஆபத்து இல்லன்னு எழுத, 1999-ல டெசி குழு 128 ஆய்வுகள தொகுத்து ஆபத்துதான்னு பதில் எழுதுனாங்க. ஆபீஸ் வேலைக்கு அது எவ்ளோ பொருந்தும்ங்கிறது இன்னும் சந்தேகத்துக்குரியதுதான், ஏன்னா நாம யாரும் ஆபீசுக்கு படம் வரையப் போகல. ஆனா ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற ஒண்ணு இருக்கு, வாயால சொல்ற உண்மையான பாராட்டு ஆர்வத்த கெடுக்குறதில்ல, கூட்டத்தான் செய்யுது.

உங்க எம்ப்ளாயி ஆஃப் தி மந்த் ஏன் சோர்ந்து போச்சுங்கிறது கணக்குலயே இருக்கு. 40 பேர், வருஷத்துக்கு 12 அவார்டு, யாருக்கும் ரெண்டு தடவ வராதுன்னு வச்சாலும் 28 பேருக்கு இந்த வருஷம் கெடையாதுன்னு ஜனவரிலயே தெரியும். அப்புறம் நடக்குறத நான் பல இடத்துல பாத்திருக்கேன். மாசக் கடைசி வரும், எச்ஆர்ல இருந்து "நாமினேஷன் இன்னும் வரல"ன்னு மூணாவது ஞாபகப்படுத்தல் மெயில் வரும், மேனேஜர் வேற மீட்டிங்ல உக்காந்துக்கிட்டே ஆள் பட்டியல திறந்து மேல இருந்து கீழ வரைக்கும் பாப்பார், "இவருக்கு இன்னும் குடுக்கல, அவருக்கு போன தடவ புரமோஷன் போச்சு, மனசு சரியில்லாம இருக்கார், இவருக்கே போடுவோம்"னு ஒரு பேர், காரணம்ங்கிற கட்டத்துல "கடின உழைப்பு, அர்ப்பணிப்பு". அடுத்த மாசம் இன்னொருத்தருக்கு அதே ரெண்டு வார்த்தை. சுழற்சி முறைன்னு யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் அந்த அவார்டு யாரோட வேலைய பத்தியும் எதுவும் சொல்றதில்ல, அதனாலதான் யாரும் நிமிந்து பாக்குறதில்ல.

இத மாத்தணும்னா மாசத்த விட்டுட்டு வேலைய பிடிங்க. ஒரு மாசம் மூணு பேர் அபாரமா எதாவது பண்ணியிருந்தா மூணு பேருக்கும் குடுங்க, எதுவும் இல்லாத மாசம் யாருக்கும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். காரணம் எழுதுற எடத்துல "எப்போ, என்ன பண்ணாங்க, அதனால யாருக்கு என்ன ஆச்சு" இந்த மூணும் இல்லன்னா திருப்பி அனுப்பிடுங்க. இந்த ஒரு விதிய கறாரா வச்சாலே பாதி பேர் நாமினேஷன் எழுத முடியாம நிப்பாங்க, அந்த முடியாமைதான் உங்களுக்கு கெடைக்கிற பெரிய தகவல், அந்த மேனேஜர் தன் ஆளுங்க வேலைய பாக்குறதே இல்ல.

ஒரு குடோன்ல பாத்தத சொல்றேன். அங்க ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருத்தர் சட்டைப்பைல சின்ன நோட்டு வச்சிருப்பார், நடக்கும்போது எதாவது கண்ணுல பட்டா நின்னு ஒரு வரி எழுதுவார். மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது அன்னைக்கு வேலை பிரிச்சு சொல்லிட்டு, கடைசில ஒண்ணு ரெண்டு வாசிப்பார். நான் நின்ன அன்னைக்கு வாசிச்சது கிட்டத்தட்ட இப்படி: "நேத்து திரும்பி வந்த பெட்டில லேபிள் ஒரு பொருள், உள்ள வேற பொருள். தம்பி அத எண்ணிக்கைல சேக்காம தனியா எடுத்து வச்சு என்ன கூப்பிட்டார். சேத்திருந்தா இன்னைக்கு மூணு பேர் ஸ்டாக்க மொதல்ல இருந்து எண்ணிட்டு இருப்போம்." அவ்ளோதான், கைதட்டல் இல்ல, போட்டோ இல்ல. அந்தப் பையன் தலைய குனிஞ்சுக்கிட்டார், ஆனா பக்கத்துல நின்ன ரெண்டு பேர் அன்னைக்கு திரும்பி வந்த பெட்டிகள திறந்து பாத்துட்டுத்தான் கணக்குல ஏத்துனாங்க. "சூப்பர், கலக்கிட்டீங்க"ன்னு சொல்லியிருந்தா பையனுக்கு மட்டும் கொஞ்ச நேரம் நல்லா இருந்திருக்கும், பக்கத்துல இருந்தவங்களுக்கு என்ன பண்ணணும்னு எதுவும் தெரிஞ்சிருக்காது. அந்த நோட்டு உங்க ஆப்ப விட ஆயிரம் மடங்கு மேல்னு நான் நம்புறேன், ஏன்னா அது ஒருத்தர நடக்க வைக்குது, பாக்க வைக்குது.

கண்ணுல படாத வேலைய பத்தியும் சொல்லியாகணும், எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். தீய அணைச்சவருக்கு அவார்டு கெடைக்கும், தீ பிடிக்காம பாத்துக்கிட்டவர் பேர் யாருக்கும் ஞாபகம் வராது. தெனமும் பேக்கப் எடுத்து சரியா இருக்கான்னு சோதிக்கிறவர், புதுசா சேந்தவங்களுக்கு பொறுமையா சொல்லிக்குடுக்குறவர், ராத்திரி ஷிஃப்ட்ல இருக்குறவங்க, வீட்ல இருந்து வேலை பாக்குறவங்க, மீட்டிங்ல அதிகம் பேசாதவங்க. கூட வேலை பாக்குறவங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டா இது சரியாகும்னு நெனைப்பாங்க, பல எடத்துல இன்னும் மோசமாகும், எல்லாருக்கும் பிடிச்சவர் ஜெயிப்பார். இதுக்கு நான் பண்றது ஒரு வேலைதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவ முழு ஆள் பட்டியல எடுத்து, யார் பேர் ஒரு தடவ கூட வரலன்னு குறிச்சு, அவங்க மேனேஜர் கிட்ட "இவர் இல்லன்னா அடுத்த வாரம் எந்த வேலை நிக்கும்?"னு கேப்பேன். அவருக்கு ஒரு அவார்டு குடுத்துடுங்கன்னு கேக்க மாட்டேன், அது மறுபடி சுழற்சிதான். கேள்விக்கு பதில் யோசிக்கும்போதே பெரும்பாலான மேனேஜருக்கு அந்த ஆளோட வேலை கண்ணுல பட ஆரம்பிச்சுடும். பதிலே வரலன்னா அங்க வேலைய பிரிச்சுக் குடுத்ததுலயே கோளாறு இருக்கு, அத பாராட்டால சரி பண்ண முடியாது.

எல்லார் முன்னாடியும் சொல்றதா, தனியா சொல்றதா? ஆளப் பொறுத்தது, கேட்டுடுங்க. மேடைக்கு கூப்பிட்டா கூசிப்போற நல்ல வேலைக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு அது தண்டனை. ஆனா ரேங்க் பட்டியல் போடாதீங்க. ஜாம்பியால சுகாதாரப் பணியாளர் பயிற்சில 2014-ல வெளியான ஒரு ஆய்வு, அவார்டையும் மத்தவங்களோட ஒப்பிட்டு ரேங்க் காட்டுறதையும் தனித்தனியா பிரிச்சு பாத்துச்சு. மேலதிகாரி பாராட்டும், நாலு பேருக்கு தெரியிறதும் உதவுச்சு, ஒப்பிட்டு எடத்த காட்டுனது படிப்புல பின்தங்குனவங்கள இன்னும் கீழ தள்ளுச்சு. பாயிண்ட்ஸ் ஆப்ல யார் மேல, யார் கீழன்னு வரிசையா காட்டுற லீடர்போர்டு பெரும்பாலும் இருக்கும், வாங்குனா மொதல்ல அத அணைச்சு வைங்க.

ஆப் பத்தி என் கருத்து, இப்போதைக்கு வாங்காதீங்க. எங்கெங்கயோ சிதறி இருக்குற பெரிய கம்பெனில யார் யார பாராட்டுனாங்கன்னு பதிவு இருக்கறதுக்கு அது பிரயோஜனம்தான். நாப்பது பேர்ல அதுக்கு தேவை இல்ல. பாயிண்ட்ட பொருளா மாத்தலாம்னு வச்சா அது சம்பளத்தோட ஒரு துண்டா ஆயிடும், அடுத்த வருஷம் நிறுத்துனா சம்பளத்துல கை வச்ச மாதிரி கோவம் வரும். மாசக் கடைசில காலாவதி ஆகும்னு வச்சா நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்தி அனுப்பிக்குவாங்க. அந்தப் பணத்துல உங்க டீம் லீடருங்கள உக்கார வச்சு, போன வாரம் பாத்த ஒரு வேலைய மூணு வரில எப்படி சொல்றதுன்னு பழக்குங்க. மொத சில தடவ செயற்கையாத்தான் இருக்கும், பரவால்ல. திட்டும்போது தேதி, பைல் பேர், எத்தன நிமிஷம் லேட்டுன்னு துல்லியமா சொல்லத் தெரிஞ்சவங்க பாராட்டும்போது மட்டும் "நல்லா பண்றீங்க"ன்னு முடிச்சுக்கிறாங்க, அந்தத் துல்லியத்த இந்தப் பக்கமும் கொண்டுவரணும், அவ்ளோதான் பயிற்சி.

பலன் இருக்கான்னு எப்படி பாக்குறதுன்னும் கேட்டிருந்தீங்க. நாப்பது பேர்ல எத்தன பேர் விலகுனாங்கன்னு வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க, ரெண்டு பேர் வேற காரணத்துக்கு போனாலே சதவீதம் தலைகீழாயிடும். முடிஞ்சா பாதி டீம்ல மொதல்ல ஆரம்பிச்சு, மூணு மாசம் கழிச்சு மிச்சத்துல கொண்டு வாங்க, நடுவுல தப்பு எண்ணிக்கை, திரும்ப செய்ய வேண்டி வந்த வேலை, இந்த மாதிரி ஏற்கனவே நீங்க எழுதி வைக்கிற எதையாவது ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க, அதுவும் ஒரு குறிப்பாத்தான், தீர்ப்பா எடுக்க வேண்டாம். அதவிட தனித்தனியா பேசும்போது "போன மாசம் நீங்க பண்ணதுல எது யாருக்கும் தெரியாமலே போச்சு?"ன்னு கேளுங்க. ஆரம்பத்துல எல்லார் கிட்டயும் நீளமா பதில் வரும். ஆறு மாசம் கழிச்சும் அதே நீளத்துல வந்தா உங்க டீம் லீடருங்க இன்னும் பாக்க ஆரம்பிக்கல.

பழைய அவார்ட சத்தமில்லாம கைவிட்டுடாதீங்க, ஏற்கனவே வாங்குனவங்க இருக்காங்க, அவங்களுக்கு அது அர்த்தமில்லாததுன்னு சொன்ன மாதிரி ஆயிடும். மாசாமாசம் குடுக்குறத நிறுத்துறோம், இனிமே வேலை நடக்கும்போதே சொல்லப்போறோம்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, அந்தப் பன்னெண்டு பேர் பேரையும் அப்போ வாசிச்சு, ஒவ்வொருத்தரும் உண்மையிலேயே என்ன பண்ணாங்கன்னு ஒரு வரி சொல்லுங்க. அந்த வரிய எழுத அவங்க டீம் லீடருங்களுக்கு ஒரு வாரம் டைம் குடுங்க, தேவைப்படும்.